மௌனம் சம்மதமா?

தபாலில் ஓர் உறை வருகிறது. பெயர், விலாசம் எல்லாம் சரியாக இருக்கிறது. பிரித்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அனுப்பியவர் கடிதத்தை வைக்க மறந்திருக்கலாம். வழியில் எங்கேயோ விழுந்திருக்கலாம். ‘உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை’ என்பதே சேதியாகவும் இருக்கலாம். கோபித்துக்கொண்டு போன சம்பந்தி வீட்டிலிருந்து வந்த உறை என்றால் இந்த மூன்றாவதுதான். நாமென்றால் போன் போட்டு விசாரித்துக்கொள்வோம். கணினிக்கு அந்த வசதி இல்லை. காலி உறை வந்தால் என்ன பொருள் கொள்வது என்று அதற்கான மென்பொருளை எழுதியவர் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

இந்தத் தீர்மானத்துக்கு ஐம்பது வருட வரலாறு உண்டு. அதில் எனக்குப் பரிச்சயமான ஒரு பகுதியை மட்டும் இங்கே சொல்கிறேன். கணினிச் சமாச்சாரம் என்று பயந்து பக்கத்தை மூடிவிடாதீர்கள். ஆபீஸ் ஃபைலும் செக் புத்தகமும் பத்திரப் பதிவும் பார்த்துப் பழகிய நம் வயதுக்காரர்களுக்கு இது இன்றைய பிள்ளைகளைவிடச் சீக்கிரம் புரியும்.

முதலில் எந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். மென்பொருள் என்பது கடைசியில் எழுத்துதான். பல பேர் சேர்ந்து, பல வருஷம், அடித்துத் திருத்தி எழுதும் எழுத்து. நேற்று ஓடிக்கொண்டிருந்தது இன்று ஓடவில்லை என்றால், யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள் என்று பார்த்தாக வேண்டும். பழைய நிலைக்குத் திரும்பவும் முடிய வேண்டும். சர்க்கார் ஃபைலில் வலப்பக்கம் கடிதங்களும் இடப்பக்கம் குறிப்புத் தாளும் இருக்குமே, கிட்டத்தட்ட அதுபோன்ற ஏற்பாடு. இதைச் செய்யும் மென்பொருளுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது வெர்ஷன் கண்ட்ரோல் என்று பெயர். படங்களும் பொத்தான்களும் உள்ள வகையும் உண்டு. ஆனால் வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்துதான் இவற்றை ஓட்டுவார்கள்.

இந்த வகையில் முன்னோடி எஸ்.சி.சி.எஸ். என்ற கருவி. 1972-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைன்ட் என்பவர் எழுதியது. முதலில் ஐ.பி.எம். பெருங்கணினியில் ஸ்னோபால் என்ற மொழியில் எழுதினார். பிறகு யூனிக்ஸுக்காக சி மொழியில் எழுதினார். அந்தக் காலத்தில் பலருக்குத் திரையே கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம்தான். காகிதச் சுருளில் நொடிக்குப் பத்து எழுத்து என்ற வேகத்தில் டக் டக்கென்று அடிக்கும். அதனால் கருவிகள் எல்லாம் தந்தி பாஷையில்தான் பேசும். சொல்ல ஒன்றுமில்லை என்றால் ஒன்றும் சொல்லாது. ‘சத்தம் வரவில்லை என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்’ என்பது யூனிக்ஸ்காரர்கள் பழக்கம்.

எஸ்.சி.சி.எஸ்.-இல் ஒரு மாற்றத்தைப் பதிவு செய்யப் போனால் ‘கமெண்ட்ஸ்?’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்கும். எதற்காக மாற்றினாய் என்பது அதன் பொருள். ஒன்றும் எழுதாமல் என்டரைத் தட்டினால்? ஏற்றுக்கொள்ளும். காலிக் குறிப்பும் செல்லுபடியாகும் குறிப்பே என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அதே சமயம், நிர்வாகம் விரும்பினால் வேறொரு பூட்டுப் போடலாம். மாற்றக் கோரிக்கை எண் என்று ஒன்று உண்டு. அந்த எண் இல்லாமல் எந்த மாற்றமும் பதிவாகக் கூடாது என்று கோப்புக்குக் கோப்பு அமைத்துவைக்க முடியும். காரணம் சொல்லாவிட்டால் பரவாயில்லை, எண் மட்டும் கட்டாயம் வேண்டும்! எந்த ஊர் ஆனாலும் பெரிய அலுவலகம் பெரிய அலுவலகம்தான்.

எஸ்.சி.சி.எஸ்.-இல் இன்னொரு நுணுக்கமும் இருந்தது. எதிரில் டெர்மினல் இருந்தால்தான் ‘கமெண்ட்ஸ்?’ என்று கேட்கும். வேறொரு நிரல் அதற்குத் தீனி கொடுத்தால் கேள்வி கேட்காமலே வாங்கிக்கொள்ளும். எதிரே இருப்பது மனிதனா, இன்னொரு இயந்திரமா என்று அது அன்றைக்கே பிரித்துப் பார்த்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் சிக்கல் முழுக்க இந்த இடத்தில்தான் வரப்போகிறது.

அடுத்தது ஆர்.சி.எஸ். 1980-களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி எழுதியது. இதில் குறிப்பை எழுதி முடித்து, கடைசி வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வைத்தால் முடிந்தது என்று பொருள். குறிப்பே எழுதாமல் எடுத்த எடுப்பில் புள்ளி வைத்தால் ஆர்.சி.எஸ். மறுக்காது. ஆனால் அந்த இடத்தைச் சும்மாவும் விடாது. இரண்டு பக்கமும் மும்மூன்று நட்சத்திரம் போட்டு, ‘காலிக் குறிப்பு’ என்று தானே எழுதி வைத்துவிடும். இவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதையே ஒரு தகவலாகப் பதிந்துவிடும். பத்திரத்தில் எழுதாத இடத்தைச் சும்மா விடாமல் குறுக்கே கோடு இழுப்பதுபோல.

இந்த நட்சத்திரங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஓர் இடத்தில் தொண்ணூறுகளில் ஆர்.சி.எஸ். புழக்கத்தில் இருந்தது. புள்ளி வைத்துவிட்டு டீக்குப் போவது பலருக்கும் வழக்கம். வட்டி கணக்கிடும் ஒரு நிரலில், பைசாவை ரூபாயாக முழுமையாக்கும் வரியை யாரோ மாற்றியிருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து தணிக்கைக்காரர்கள் வந்து, எந்த உத்தரவின் பேரில் மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். தேதி இருந்தது. மாற்றியவர் பெயர் இருந்தது, அவர் மாற்றலாகி வடக்கே போய்விட்டார். காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு நட்சத்திரம். பழைய சுற்றறிக்கைக் கட்டுகளைப் பிரித்துத் தேடியதில் மூன்று நாள் போயிற்று. உத்தரவு கடைசியில் கிடைத்தது, மாற்றமும் சரியானதுதான். அந்த மூன்று நாள் தும்மல் மட்டும் ஒரு வாரத்துக்கு நிற்கவில்லை.

ஆர்.சி.எஸ்.-இன் தோளில் ஏறி வந்தது சி.வி.எஸ். ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூனெ 1986-ல் சில ஸ்கிரிப்டுகளாக வெளியிட்டதை, பிரையன் பெர்லினர் பிறகு சி மொழியில் திருப்பி எழுதினார். இதுதான் முதன்முதலாகக் காலிக் குறிப்பைக் கண்டதும் நின்று கேள்வி கேட்டது. குறிப்பு மாற்றப்படவில்லை அல்லது தரப்படவில்லை, கைவிடட்டுமா, தொடரட்டுமா, திருத்துகிறாயா, இல்லை மீதி அடைவுகளுக்கும் இதையே வைத்துக்கொள்ளட்டுமா என்று நாலு வழி காட்டும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் என்டரைத் தட்டினால்? ‘தொடர்’ என்று எடுத்துக்கொள்ளும். மௌனத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கும் மௌனமே சம்மதம்! எழுதியவர் தெரிந்துதான் வைத்தாரோ என்னவோ, எனக்கு இதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

சி.வி.எஸ்.-க்கு மாற்றாக 2000-ல் தொடங்கி 2004-ல் முதல் முழுப் பதிப்பு கண்டது சப்வெர்ஷன். அதுவும் காலிக் குறிப்பைக் கண்டால் கைவிடவா, தொடரவா, திருத்தவா என்று கேட்கும். கூடுதலாக, காவல்கார ஸ்கிரிப்ட் ஒன்றின் மாதிரியையும் சேர்த்தே கொடுத்தார்கள். குறிப்பில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று சர்வர் பக்கத்தில் பார்த்து, இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஸ்கிரிப்ட். எழுத்து என்று அது எதைத் தேடுகிறது தெரியுமா? ஆங்கிலத்தின் 26 எழுத்தும், பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களும். ‘அ’வோ ‘க’வோ அந்தப் பட்டியலில் கிடையாது. எது காலி, எது காலியில்லை என்று முடிவு செய்வதற்குள்ளும் ஒரு ஊர் வாசனை வந்துவிடுகிறது பாருங்கள்.

இதுவரை சொன்னது குறிப்பைக் காலியாக விடுவது பற்றி. அதனால் நேரும் நஷ்டம் தும்மல் அளவில் போய்விடும். இனி வருவது அப்படியல்ல. எந்தக் கோப்பின் மேல் வேலை செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தையே காலியாக விட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வி பதிப்புக் கருவிகளைவிடப் பழையது. தொடக்ககால யூனிக்ஸில் கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காலிச் சொல்லைக் கொடுத்தால், ‘நான் இப்போது நிற்கும் அடைவு’ என்று பொருள். அடைவு என்பது கோப்புகளை வைக்கும் ஃபோல்டர். தட்டச்சு மிச்சம், பார்க்க அழகு. பின்னால் வந்த போசிக்ஸ் தரநிலை இதை ஒழித்துக்கட்டியது. காலிப் பெயர் எந்தக் கோப்பையும் குறிக்கக் கூடாது, பிழை என்றே சொல்ல வேண்டும் என்று விதி வைத்தது. இன்றைய லினக்ஸும் அப்படித்தான், ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று கையை விரித்துவிடும். பிரச்சினை அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தால், அது வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது.

2005 ஏப்ரலில் கிட் பிறந்தது. லினக்ஸ் கருவை உருவாக்கியவர்கள் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியின் இலவச அனுமதி அந்த வருஷம் நின்றுபோக, லினஸ் டோர்வால்ட்ஸ் தானே உட்கார்ந்து எழுதினார். சில மாதத்தில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். இன்று உலகத்தில் பெரும்பாலான மென்பொருள் கிட்டில்தான் வாழ்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது பெங்களூரிலோ சென்னையிலோ ஐ.டி. வேலையில் இருந்தால், ‘கமிட்’, ‘புஷ்’ என்ற சொற்கள் வீட்டில் காதில் விழுந்திருக்கும். கமிட் என்றால் மாற்றத்தைப் பதிவது, புஷ் என்றால் பதிந்ததை சர்வருக்கு அனுப்புவது.

குறிப்பு விஷயத்தில் கிட் கறாரான பேர்வழி. காலியாக விட்டால் கேள்வியெல்லாம் கேட்காது. குறிப்பு காலி, எனவே கமிட்டைக் கைவிடுகிறேன் என்று ஒரு வரி சொல்லி நின்றுவிடும். அதே மாதம் பிறந்த மெர்க்குரியலும் இப்படித்தான். காலிக் குறிப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ‘காலிக் குறிப்பை அனுமதி’ என்று நீளமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். எனக்கு இந்த முறை பிடிக்கும். வெறுமை வேண்டுமென்றால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மனசு மாறினால், எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு வெளியே வந்தால் போதும், காரியம் நின்றுவிடும் என்ற சௌகரியமும் இதில் கிடைத்தது.

ஆனால் அதே கிட் மற்ற இடங்களில் காலியை வேறு வேறு விதமாகப் படித்தது. புஷ் கட்டளையைப் பாருங்கள். நம்மிடம் உள்ள கிளையின் பெயர், நடுவில் முக்காற்புள்ளி, சர்வரில் உள்ள கிளையின் பெயர் என்று எழுத வேண்டும். இடப்பக்கத்தைக் காலியாக விட்டு, முக்காற்புள்ளியும் வலப்பக்கமும் மட்டும் எழுதினால், ‘ஒன்றுமில்லாததைக் கொண்டுபோய் அந்தக் கிளையில் வை’ என்று பொருளாம். அதாவது சர்வரில் உள்ள கிளையை அழித்துவிடு! தர்க்கம் சரிதான், மறுக்க முடியாது. ஆனால் ஒரு பெயரை எழுத விட்டுப்போனதற்கும் அழிக்கச் சொன்னதற்கும் எழுத்தளவில் வித்தியாசமே இல்லை. 2010-ல் வந்த 1.7.0 பதிப்பில்தான் ‘டெலிட்’ என்று வெளிப்படையாகச் சொல்லும் வழியைச் சேர்த்தார்கள். பழைய வழியும் இன்னும் இருக்கிறது.

இரண்டு பக்கமும் காலியாக, வெறும் முக்காற்புள்ளி மட்டும் வைத்தால்? இரு பக்கத்திலும் ஒரே பெயரில் உள்ள கிளைகள் அத்தனையையும் அனுப்பு என்று பொருள். ஒன்றுமே எழுதாமல் வெறுமனே புஷ் என்று சொன்னாலும் பல வருஷம் இதே பொருள்தான். ஒரு கிளையில் வேலை செய்துவிட்டு, அதை மட்டும் அனுப்புவதாக நினைத்து என்டரைத் தட்டுவார்கள். கிட் எல்லாக் கிளைகளையும் கிளப்பிக்கொண்டு போகும். சாதாரணமாக, பழசாகிப்போன கிளையை சர்வர் ஏற்காது. ஆனால் ‘கட்டாயப்படுத்து’ என்ற சொல்லையும் கூடச் சேர்த்திருந்தால், சர்வரில் மற்றவர்கள் செய்த புதிய வேலைமேல் இவருடைய பழைய கிளைகள் போய் உட்கார்ந்துகொள்ளும். 2014 மே மாதம் வந்த 2.0 பதிப்பில் இதை மாற்றினார்கள். வெறும் புஷ் என்றால் இப்போது நிற்கும் கிளை மட்டும். அதற்கு முன்பே நீண்ட காலம், இந்த இயல்பு மாறப்போகிறது என்று திரையில் எச்சரிக்கை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த எச்சரிக்கையைத் திட்டாத இளைஞர் அன்று கிடையாது.

இனி கோப்புப் பெயர். ஒரு கோப்பை நீக்கச் சொல்லி, பெயருக்குப் பதிலாகக் காலிச் சொல்லைக் கொடுத்தால் கிட் என்ன செய்தது? ‘எல்லாம்’ என்று படித்தது. இதற்கும் ஒரு தர்க்கம் உண்டு. அடைவின் பெயரைச் சொன்னால் அதில் தொடங்கும் கோப்புகள் எல்லாம் சேரும் என்பது கிட்டின் வழக்கம். எந்தப் பெயரை எடுத்தாலும் அதன் முன்னால் ‘ஒன்றுமில்லை’ ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது? ஆகவே காலிச் சொல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கணக்கு வாத்தியார் பாராட்டுவார். செக்கில் தொகையை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தவர் பாராட்ட மாட்டார். ‘ரூபாய் ஐந்நூறு மட்டும்’ என்று எழுதி, பக்கத்தில் கோடும் இழுக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். காலி இடம் ‘பூஜ்யம்’ ஆகாமல் ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ ஆகிவிடும் என்பது நமக்குத் தெரியும்.

ஒரு மனிதன் உட்கார்ந்து, மேற்கோள் குறியைத் திறந்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் மூடி, என்டரைத் தட்டுவது அபூர்வம். அதனால் பல வருஷம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்வது மனிதன் மட்டும் இல்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா? இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள் மனிதனைவிட அதிகமாகக் கட்டளை கொடுக்கின்றன. ஸ்கிரிப்டில் கோப்பின் பெயரை ஒரு மாறியில் போட்டு வைப்பார்கள். மாறி என்றால் பெயர் ஒட்டிய டப்பா. யூனிக்ஸ் ஷெல்லின் குணம் என்னவென்றால், இல்லாத டப்பாவைக் கேட்டால் இல்லை என்று சொல்லாது. காலி டப்பாவைக் கையில் கொடுத்துவிடும். பெயரில் இரண்டு எழுத்து இடம் மாறித் தட்டச்சாகிவிட்டால் போதும், அது வேறு டப்பா, காலி டப்பா.

இதனால் என்ன ஆகும் என்பதை 2015 ஜனவரியில் உலகமே பார்த்தது. அது கிட் அல்ல, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருள். அதன் ஸ்கிரிப்டில், ஸ்டீம் இருக்கும் அடைவின் பெயரை ஒரு மாறியில் வைத்து, அதன் கீழுள்ளதை எல்லாம் அழி என்று ஒரு வரி. சில சூழ்நிலையில் அந்த மாறி காலியாகிவிட்டது. காலிக்குப் பின்னால் சாய்கோடு, அதன்பின் நட்சத்திரம் என்றால் கணினியின் வேரிலிருந்து எல்லாம் என்று பொருள். பயனாளரின் சொந்தக் கோப்புகள், செருகியிருந்த வெளி டிஸ்க்கில் இருந்தவை உட்பட, போய்விட்டன. அந்த வரிக்கு மேலே எழுதியவரே ‘பயமாக இருக்கிறது’ என்ற பொருளில் ஒரு சொல் குறிப்பு வைத்திருந்தார் என்பது கூடுதல் தகவல். பயந்தவர் ஒரு சோதனையும் வைத்திருக்கலாம்.

கிட்டில் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கமிட் ஆனது களஞ்சியத்தில் இருக்கும், திரும்ப எடுக்கலாம். கமிட் ஆகாத திருத்தம் உள்ள கோப்பை நீக்கச் சொன்னால் கிட் மறுக்கவும் செய்யும். ஆனால் ஸ்கிரிப்ட் நீக்கியதோடு நில்லாமல் கமிட் செய்து, சர்வருக்கும் அனுப்பிவிட்டால், காலையில் வரும் பத்துப் பேரும் காலி அடைவைத்தான் பார்ப்பார்கள். மீட்பது ஒரு மணி நேர வேலையாக இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் ஏறும் இரத்த அழுத்தத்துக்கு யார் பொறுப்பு?

2016 நவம்பரில் வந்த 2.11 பதிப்பில் கிட் தன் மனதை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு சொன்ன காரணம் இதுதான்: நீக்க வேண்டிய பாதையை ஒரு மாறியில் வைத்துவிட்டு, கட்டளையில் அந்த மாறியின் பெயரை எழுத்து மாற்றி அடித்துவிட்டால் எல்லாம் நீங்கிவிடுகிறது, இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் எழுதுவது மிகச் சுலபம். உதாரணமாகக் காட்டிய சொல்லையும் எழுத்து மாற்றியே அச்சிட்டிருந்தார்கள். எல்லாம் வேண்டுமென்றால் இனி ஒரு புள்ளி வையுங்கள், புள்ளி என்றால் ‘இந்த அடைவு’ என்று பொருள், காலியாக விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் தடுக்கவில்லை. எச்சரிக்கை மட்டும்தான், வேலை பழையபடி நடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, 2018 ஜனவரியில் வந்த 2.16-ல்தான் எச்சரிக்கை பிழையாக மாறியது. காலிச் சொல் செல்லுபடியாகும் பாதை அல்ல என்று சொல்லி நின்றுவிடும்.

ஒரு காலிச் சொல்லை மறுக்க இத்தனை மாதமா என்று கேட்கலாம். அவசரப்பட்டால் வேறு பொல்லாப்பு. எத்தனையோ நிறுவனங்களில் எத்தனையோ ஸ்கிரிப்டுகள் ‘காலி என்றால் எல்லாம்’ என்பதை நம்பியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். எழுதியவர் ஓய்வு பெற்றுப் பேரனைப் பள்ளியில் விட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் திடீரென்று நின்றால் ஏன் நின்றது என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. தண்டோரா போட்டு, தவணை கொடுத்து, பிறகு கதவைச் சாத்தியதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. என் புகார் வேறு. காலிப் பெயரை யூனிக்ஸ் ஒரு முறை வாசலில் நிறுத்திவிட்ட பிறகு, 2005-ல் புதிதாகக் கட்டிய வீட்டில் அதற்கு ஏன் கதவு வைத்தார்கள்?

இதைச் சொன்னவுடன், காலி எது வந்தாலும் திருப்பி அனுப்பிவிடலாமே என்று தோன்றும். கூடாது. வெறுமை பல இடங்களில் உண்மையான சரக்கு. பழைய யூனிக்ஸில் ‘ட்ரூ’ என்றொரு கட்டளை, வேலை வெற்றி என்று சொல்வது மட்டுமே அதன் தொழில். அந்தக் கட்டளையின் கோப்புக்குள் ஒரு எழுத்துகூடக் கிடையாது. காலிக் கோப்பை ஓட்டினால் ஒன்றும் தப்பாகப் போகாது, எனவே வெற்றி! பின்னால் அதற்குள்ளும் காப்புரிமை வாசகத்தை எழுதி வைத்தார்கள். பைதான் மொழியில் ஒரு அடைவை நிரல் தொகுப்பாக அறிவிக்கக் காலிக் கோப்பு ஒன்றை வைப்பது வழக்கம். இவற்றையெல்லாம் பதிப்புக் கருவி மதித்துப் பாதுகாக்க வேண்டும்.

இந்த இடத்தில் கிட் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. அது ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்துக்கும் கைரேகை மாதிரி 40 எழுத்துள்ள ஓர் அடையாளம் கணக்கிடும். காலிக் கோப்புக்கும் உண்டு. ‘இ’, 6, 9 என்று தொடங்கும். உலகத்தில் எந்த நாட்டில், எந்தக் கணினியில் காலிக் கோப்பை வைத்தாலும் வழக்கமான கிட்டில் அதே 40 எழுத்துதான். மேலும், அதைச் சேமிக்கும்போது வெறுமையாகச் சேமிப்பதில்லை. ‘இது கோப்பு, நீளம் பூஜ்யம்’ என்று ஒரு தலைப்பெழுதி, சுருக்கி வைக்கும். உறைக்குள், ‘உள்ளே ஒன்றும் வைக்கவில்லை’ என்று ஒரு சீட்டு எழுதிப் போட்ட மாதிரி.

இதன் அருமை கரண்டு போகும்போது தெரியும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால், சில சமயம் களஞ்சியத்துக்குள் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒரு பைட்டும் இல்லாத கோப்பு கிடக்கும். கிட் அதைப் பார்த்தவுடன் இது கெட்டுப்போனது என்று சொல்லிவிடும். உண்மையான காலிக் கோப்பாக இருந்தால் சீட்டு இருந்திருக்குமே!

ஆனால் காலி அடைவை மட்டும் கிட் கண்டுகொள்வதே இல்லை. கோப்பு இருந்தால்தான் அடைவு அதன் கணக்கில் வரும். அதனால் ஒரு அடைவைத் தக்கவைக்க உள்ளே ஒரு சும்மா கோப்பை வைப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. சப்வெர்ஷனில் இந்தச் சங்கடம் இல்லை, அது அடைவையும் சொத்தாகவே எண்ணியது. புதுக் களஞ்சியம் தொடங்கினால் அதன் பூஜ்யமாவது பதிப்பே ஒரு காலி அடைவுதான்.

காலிக்கும் இல்லாமைக்கும் உள்ள வித்தியாசத்தில் இன்னொரு பழைய சண்டை உண்டு. லாரி வால் 1985-ல் வெளியிட்ட ‘பேட்ச்’ என்ற கருவி, மாற்றங்களின் பட்டியலை வாங்கிக் கோப்பில் ஒட்டும். ஒட்டிய பிறகு கோப்பில் ஒரு வரியும் மிச்சமில்லை என்றால், கோப்பைக் காலியாக விட்டுவைப்பதா, நீக்கிவிடுவதா? பட்டியலில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதற்கு ஒரு வழி கண்டார்கள். கோப்பின் தேதியாக 1970 ஜனவரி 1, அதாவது யூனிக்ஸ் கடிகாரத்தின் பூஜ்ய நேரம் போட்டிருந்தால் கோப்பு இல்லை என்று பொருள். பிறப்பதற்கு முந்தைய தேதியில் ஒருவர் பெயர் இருந்தால் அவர் இல்லவே இல்லை என்று முடிவு கட்டுவதுபோல. அவரவர் பாடு.

மாற்றங்களை மின்னஞ்சலில் அனுப்பிக் கிட்டில் சேர்ப்பவர்களுக்கும் காலி உறை வரும். உள்ளே மாற்றமே இல்லாத அஞ்சல். வெகுகாலம் கிட் அதைக் கண்டால் முரண்டு பிடித்து நின்றது. 2022 ஜனவரியில் வந்த 2.35 பதிப்பில் மூன்று விருப்பம் கொடுத்தார்கள்: நில், தள்ளிவிட்டுப் போ, காலியாகவே பதிவு செய். உறையின் மேலுள்ள எழுத்துக்கும் மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

எனக்கு இன்னும் உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. பழைய கமிட்களை வரிசை மாற்றி அடுக்கும்போது கிட் ஒரு பட்டியலைத் திறந்து காட்டும். அதில் ஒரு வரியை அழித்தால் அந்தக் கமிட் தொலைந்துவிடும் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். இரண்டு வரி அழித்தால் இரண்டு போகும். பத்து வரிப் பட்டியலில் ஒன்பதை அழித்தால் ஒன்பதும் போகும். பத்தையும் அழித்தால்? ஒன்றும் ஆகாது! முழுப் பட்டியலும் காலி என்றால் ‘வேண்டாம் என்று திரும்பிவிட்டார்’ என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடும். ஒன்பது வரை கொலை, பத்தானால் மன்னிப்பு. பாதுகாப்பு என்ற வகையில் சரிதான், குறிப்பு எழுதும் இடத்திலும் இதே பழக்கம்தானே. ஆனாலும் புதிதாகப் பழகுகிறவரிடம் இதை விளக்கும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது கஷ்டம்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளமும் காத்திருக்கிறது. ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ என்ற சின்னக் கருவி, ஒரு பட்டியலை வாங்கி வேறொரு கட்டளைக்கு ஊட்டிவிடும். பட்டியல் காலியாக இருந்தால், லினக்ஸில் உள்ள குனு வகை அந்தக் கட்டளையை வெறும் கையோடு ஒரு தடவை ஓட்டிவிடும். பி.எஸ்.டி. வகை ஓட்டாது. ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு இயந்திரம், இரண்டு குணம். ஆகவே பெயரே இல்லாமல் வந்து நிற்கும் கட்டளையை எப்படி வரவேற்பது என்பதைக் கிட் தானே முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

சேர்க்கச் சொல்லிவிட்டு எதைச் சேர்ப்பது என்று சொல்லாவிட்டால், ‘ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் சேர்க்கவில்லை’ என்று அது பதில் தரும். கணக்குப் பிள்ளை பேசுகிற மாதிரியே இருக்கும். கூடவே, புள்ளி வைக்க நினைத்தீர்களோ என்று ஒரு யோசனையும் சொல்லும். நீக்கச் சொல்லிவிட்டுப் பெயர் சொல்லாவிட்டால், முன்பெல்லாம் உபயோகிக்கும் முறையை நீளமாக ஒப்பித்துவிட்டு நிற்கும். இப்போதைய பதிப்புகளில் பாதை தரப்படவில்லை என்று சொல்லிவிட்டு, கேள்வியாகவே கேட்கிறது: எந்தக் கோப்புகளை நீக்கட்டும்?